தாங்கி தாங்கிய விரல்

“தள்ளுங்க, தள்ளுங்க!” என்று கத்தினார் காவலாளி.

தள்ளுவதற்கு அங்கே கூட்டம் எதுவும் இல்லை. இருந்தது ஒரே ஓர் அம்மாள். ஆனால் இசை அருங்காட்சியகத்தின் வாசலுக்குக் குறுக்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, பின்னால் யானைப்படை ஏதும் நிற்கிறதோ என்று நானே ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

“எங்க, தள்ளித்தான் பாரேன்” என்றார் அம்மாள். இடது கையில் மடக்கிய குடை வாள் மாதிரி நீண்டது. காவலாளி பின்வாங்கினார். அவருக்கும் பின்னால் நான் வாங்கினேன்.

என் மருமகள் மட்டும் நகரவில்லை. துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள் குடைக்கெல்லாம் நகர மாட்டாள். என் மகன் இந்தக் குடும்பத்துக்குக் கொண்டுவந்த ஒரே புத்திசாலித்தனம் அவள்தான். நான் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். வராத ரயிலுக்கெல்லாம் நான் கேட்ட மன்னிப்பை மூட்டை கட்டினால் ஒரு சரக்கு ரயில் நிறையும். ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்துவிட்டேன், இனி யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை என்று. மனைவி விதிவிலக்கு.

“நீங்கதான் போன்ல கூப்பிட்டீங்களா?” என்று மருமகள் கேட்டாள்.

“நானேதான். இடியம்மான்னு கேட்டா இசைக்குழுக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதுன்னு சொல்றவன் ஒரே ஒருத்தன். அவன் உள்ளே இருக்கான்.”

இடியம்மா ஒரு காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். அடியில் நின்று பாட்டைச் சுமக்குமே, அந்தக் கனத்த குரல் கிட்டார். அவர் வாசித்தால் மூன்று தெரு தள்ளி டம்ளர் தண்ணீர் ஆடும் என்பார்கள். ஐந்து தெரு என்று நான் சொல்வேன். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது அவருடைய கிட்டார் என்பது அவர் வழக்கு. ஆனால் பெட்டிக்குக் கீழே திரை மூடிக் காத்திருந்த பித்தளைப் பலகையில் இருந்தது பழைய இசைக்குழுத் தலைவரின் பெயர். நரைத்த முடியைப் பின்னால் முடிந்து போட்டிருப்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் வெள்ளிக்குடுமி. அவரோ, “கிட்டார் என்னுடையது, புகழ்பெற்ற அந்த இசைத்தட்டின் தொடக்கத்தை வாசித்ததும் நான்தான், இந்த அம்மாளை என் ஆயுளில் பார்த்ததே இல்லை” என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சாயங்காலம் திரை விலகும். விலகிவிட்டால் அப்புறம் அதுதான் வரலாறு.

“குழு உடைஞ்சப்ப ஒலிப்பதிவுக் கூடத்துல வச்சிட்டு வந்தேன். மறுநாள் போய்க் கேட்டா காணோம்னான். இப்ப அவன் வீட்டுலேர்ந்து வந்திருக்கு!”

“உங்களுக்கு இப்ப என்ன வேணும்மா?”

“ஒண்ணே ஒண்ணு. அதை ஒரு தடவை என் கையில குடுக்கச் சொல்லு. காலையிலேர்ந்து இதையேதான் கத்துறேன். விதி இல்லையாம். நான் வாசிச்ச கிட்டாரை நான் தொட விதி இல்லையாம்! திரையை அவிழ்க்கணும்னா என்னைத் தாண்டிப் போய் அவிழ்க்கட்டும்.”

“மாமா, வாங்க” என்றாள் மருமகள். இடியம்மா எங்களுக்கு மட்டும் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி வழிவிட்டார்.

உள்ளே காப்பாட்சியர் எங்களை வரவேற்றார். கையுறை போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. “கண்ணாடிக்கு வெளியே நின்னு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க” என்றார் தாராளமாக.

பார்த்தோம். நாலு கம்பி, நீளக் கழுத்து, அந்திவெயில் நிறத்தில் உடம்பு. கழுத்தின் இரு பக்கமும் உடம்பிலிருந்து இரண்டு கொம்புகள், மேலே ஒன்று நீளமாய், கீழே ஒன்று குட்டையாய். குட்டைக் கொம்பில் குழுவின் சின்னம் போட்ட வட்டமான ஸ்டிக்கர். கம்பிகளுக்குக் கீழே, தரையைப் பார்க்கும் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு மரத்துண்டு திருகப்பட்டிருந்தது. அதில் ஒரே ஓர் இடத்தில் கறுப்பு தேய்ந்து வெள்ளை மரம் தெரிந்தது.

“இந்தத் துண்டு எதுக்கு?” என்றாள் மருமகள்.

“அழகுக்கு” என்றார் காப்பாட்சியர்.

“தூக்குறதுக்குக் கைப்பிடி” என்றார் பின்னாலேயே வந்த காவலாளி.

“வேர்த்தா கைக்குட்டை காயப்போட” என்றேன் நான். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் என் கைக்குட்டையே காய்ந்துவிட்டது.

“விரல்தாங்கி” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வெள்ளிக்குடுமி. பட்டுச் சட்டை, வாசனை, ஊரையே விலை பேசுகிற சிரிப்பு. “நாங்க அந்தக் காலத்து ஆளுங்க. பெருவிரலால தட்டித்தான் வாசிப்போம். மத்த விரலுக்குப் பிடிமானம் வேணாமா? அதுக்குத்தான் கீழ வச்சிருக்கு. அந்த அம்மா எப்படி வாசிப்பாங்கன்னு போய்க் கேளுங்க. வழக்கு முடிஞ்சிரும்.”

சொல்லிவிட்டு வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சுவரில் இசைத்தட்டு உறையின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பாடகர், அவருக்கு இருபுறமும் டிரம்ஸ்காரரும் ஜால்ராக்காரரும். பேஸ் வாசிப்பவரின் முகம் பாடகரின் தூக்கிய கைக்குப் பின்னால், கிட்டாரின் கொம்பெல்லாம் பாடகரின் உடம்புக்குப் பின்னால். தெரிந்தது கம்பிகளைச் சுற்றிய இடமும் வாசிக்கும் கையும் மட்டுமே.

“அச்சு பிச்சுன்னு ஒரு சீருடை” என்றேன். “தெரியற மூணு பேருக்கும் சட்டைப் பை வலது பக்கம். தையல்காரர் என்ன மயக்கத்துல இருந்தாரோ!”

“மாமா, சத்தம் போடாம படத்தை போன்ல எடுங்க” என்றாள் மருமகள். எடுத்தேன். ஆனால் அவள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயிலிருந்த பெப்பர்மிண்ட் கடகடவென்று நொறுங்கியது. அவள் பெப்பர்மிண்டைச் சப்பினால் யோசிக்கிறாள். கடித்தால் யாரையோ பிடிக்கப் போகிறாள்.

என் ஸ்கூட்டர் எங்களை இரண்டு சந்து தள்ளி ‘கிட்டார் டாக்டர்’ என்று பலகை மாட்டிய கடைக்குக் கொண்டுபோனது. டாக்டருக்குத் தன்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம். சுவர் முழுக்க அவருடைய படங்களே. நோயாளிகள் கம்பி அறுந்து மேசையில் மல்லாந்து கிடந்தார்கள்.

“விரல்தாங்கியா? சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. இந்த ஊர்ல வேற எவனுக்கும் தெரியாது” என்று ஆரம்பித்தார். “மொத மொத இந்தக் கிட்டாரைச் செஞ்சவங்க என்ன நெனச்சாங்கன்னா, எல்லாரும் பெருவிரலாலதான் வாசிப்பாங்கன்னு. அதனால கம்பிக்குக் கீழ தாங்கி. மூணு விரலை அதுல மடக்கிக் கொக்கி போட்டுக்கிட்டு, பெருவிரலால டும் டும்.” அவர் காற்றில் வாசித்தே காட்டினார். “ஆனா வாசிக்கிறவன் சொன்னபடி கேப்பானா? ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாத்தி மாத்தி ஓட ஆரம்பிச்சிருச்சு. இப்ப பெருவிரல்தான் சும்மா இருக்கு. அதுக்கு ஓர் இடம் வேணும். அதனால பிற்பாடு தாங்கியைக் கம்பிக்கு மேல கொண்டுபோனாங்க. அப்புறம் அதையும் தூக்கிப் போட்டாங்க. பெருவிரல் எங்க வேணும்னாலும் உக்காந்துக்குது.”

“அப்ப தாங்கி கீழ இருந்தா?”

“பழசு. பெருவிரல்ல வாசிக்கிறவனுக்கு. ரெண்டு விரல்ல வாசிக்கிறவங்களுக்கு அது கீழ இருந்தா பல்லு குத்தக்கூட ஆகாது. உங்க கட்சிக்காரி எப்படி?”

இடியம்மாவைப் போனில் கூப்பிட்டேன். பின்னணியில் காவலாளி கெஞ்சும் சத்தம் கேட்டது.

“அம்மா, நீங்க பெருவிரல்லதானே வாசிப்பீங்க?” ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் தாயே என்று என் குரல் மண்டியிட்டது.

“எவன் சொன்னான்? ரெண்டு விரல்! பெருவிரலை அந்தத் தாங்கி மேல உக்கார வச்சா அசையாது.”

“ஆனா தாங்கி கம்பிக்குக் கீழ இருக்கே?”

“கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருய்யா! என் தாங்கி மேல இருக்கு! மேலதான் இருக்கும்!”

போனை வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தே டாக்டர் வருத்தமாகத் தலையாட்டினார். “அது அவங்க கிட்டார் இல்லைங்க. சிம்பிள்.”

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். தோற்ற வழக்கிலிருந்து சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவது என் கொள்கை. மருமகள் என் போனைப் பிடுங்கிப் படத்தை டாக்டர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இந்தப் படத்துல தாங்கி எங்க இருக்கு?”

டாக்டர் கண்ணைச் சுருக்கினார். “மேல. பெருவிரல் அதுமேல உக்காந்திருக்கு. ரெண்டு விரல் கம்பியில. அட, அந்த அம்மா சொன்ன மாதிரியேதான்.”

“பெட்டிக்குள்ள கீழ. படத்துல மேல. எப்படி?”

“எவனோ கழட்டி மாத்தியிருப்பான். ஆனா மாத்தினா பழைய திருகு போட்ட ஓட்டை ரெண்டு மேல இருக்கும். என்னதான் அடைச்சாலும் என் கண்ணுக்குத் தப்பாது.”

“எங்க கண்ணுக்கும் தப்பாது” என்றாள் மருமகள். “கிளம்புங்க மாமா. என்ன, வீட்டுக்கா? நல்லா இருக்கே! இப்பதான் ஆட்டம் சூடு பிடிக்குது.”

நாங்கள் திரும்பியபோது விருந்தினர்கள் பக்கவாசல் வழியாக உள்ளே போயிருந்தார்கள். முன்வாசலில் இடியம்மா தனியாக, நாற்காலியும் அவருமாக இருந்தார். உள்ளே கைதட்டல் கேட்டது.

“கேட்டியா அநியாயத்தை?” என்றார். “பெட்டியைத் திறந்துட்டாங்களாம். அவன் வாசிச்சுக் காட்டப் போறானாம். எனக்கு விதி, அவனுக்கு விருந்தா?”

“வாங்கம்மா, உள்ள போவோம். இனிமே வாசலைக் காவல் காக்க வேணாம். மேடையைப் பிடிக்கணும்.”

இடியம்மா எழுந்தார். நாற்காலியையும் எடுத்துக்கொண்டார். “திரும்பி வந்தா இருக்காது. இந்த ஊரைப் பத்தி எனக்குத் தெரியும்.”

மேடையில் வெள்ளிக்குடுமி கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். மூன்று விரல் தாங்கியில் கொக்கி போட, பெருவிரல் கம்பியைத் தட்டியது. பொய் சொல்லக் கூடாது, மோசமில்லாமல்தான் வாசித்தார். அந்தத் தொடக்கத்தைக் கேட்டதும் கூட்டம் எழுந்து கைதட்டியது. என் கையே துரோகமாக இருமுறை தட்டிவிட்டது.

கைதட்டல் அடங்கும் முன் மருமகள் மேடையில் இருந்தாள். “அருமை சார். ஒரே ஒரு சந்தேகம்.”

“யாரது? மைக்கை நிறுத்துங்க!” என்றார் வெள்ளிக்குடுமி. மைக் செத்தது.

மைக் எதற்கு? நான் தொண்டையைச் செருமினேன். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மேடையில் ஒரு சந்தேகம் வந்துகொண்டிருக்கிறது. அனைவரும் இருக்கையில் அமரவும்!” கூரையில் புறாக்கள் பறந்தன. அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். பழக்கம்.

“எப்பவுமே இப்படித்தான் வாசிப்பீங்களா சார்?”

“எப்பவுமே. அதுக்குத்தானே தாங்கி கீழ இருக்கு.”

“உங்களுக்குப் பின்னாடி இருக்கிற படத்துல அது மேல இருக்கே?”

வெள்ளிக்குடுமி திரும்பிப் பார்த்தார். குடுமி மட்டும் கொஞ்சம் ஆடியது. “அது... அப்ப மேல வச்சிருந்தேன். அப்புறம் கழட்டிக் கீழ மாட்டினேன்.”

“அப்ப மேல பழைய ஓட்டை ரெண்டு இருக்கணும். மேடம், கொஞ்சம் பாருங்களேன்.”

காப்பாட்சியர் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் எனக்கு இன்னொரு முறை ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. “இல்லை. குண்டூசி குத்தின தழும்புகூட இல்லை. இந்தத் தாங்கியை யாரும் மாத்தவே இல்லை.”

கூட்டம் சலசலத்தது.

“அப்போ... படத்துல இருக்கிறது வேற கிட்டார்!” என்றார் வெள்ளிக்குடுமி.

“வேற கிட்டார்னா இதுக்கு எதுக்கு சார் பித்தளைப் பலகை?”

முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மருமகள் அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. “இல்ல, அதே கிட்டார்தான். மாமா, உங்க சட்டைப் பை எந்தப் பக்கம்?”

“இதயம் இருக்கிற பக்கம்” என்றேன். “இடது.”

“இங்க இருக்கிற எல்லா ஆம்பளைங்களும் தடவிப் பாருங்க.” கூடம் முழுக்க ஆண்கள் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்கள். கூட்டாக ஏதோ உறுதிமொழி எடுப்பதுபோல இருந்தது. “எல்லாருக்கும் இடது. இப்ப படத்தைப் பாருங்க. பாடகர், டிரம்ஸ்காரர், ஜால்ராக்காரர், எல்லாருக்கும் வலது. மாமா தையல்காரரைத் திட்டினார். தப்பு தையல்காரர் மேல இல்ல. அச்சடிச்சவர் படத்தையே இடம் வலமாத் திருப்பிட்டார். ஏன்னா, மூல நெகட்டிவ்ல ஒருத்தர் மட்டும் கிட்டாரை வித்தியாசமாப் பிடிச்சிருந்தார். ஏதோ தப்புன்னு நெனச்சு அவரை நேராக்கியிருக்கார். மூணு சட்டைப் பை இடம் மாறினது அவர் கண்ணுல படலை.”

எனக்கு மெல்ல விடிந்தது.

“அந்த வாசிப்பாளர் இடது கைக்காரர். இடது கைக் கிட்டார் கிடைக்காத காலம். வலது கைக் கிட்டாரை அப்படியே தலைகீழாக் கவிழ்த்து மாட்டிக்கிட்டா, கீழ இருக்கிற தாங்கி தானா மேல வந்துரும். திருகாணியே தேவையில்ல. இன்னொண்ணு: மூணு விரல் கொக்கி போட்டா மூணு இடம் தேயணும். இதுல ஒரே இடம்தான் தேஞ்சிருக்கு. ஒரு பெருவிரல் அளவுக்கு.”

“கதை!” என்று சீறினார் வெள்ளிக்குடுமி. “தலைகீழா வச்சு எவனாலயும் வாசிக்க முடியாது!”

“மேடம்” என்றாள் மருமகள் காப்பாட்சியரிடம், “இந்த அம்மா காலையிலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க.”

காப்பாட்சியர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வெள்ளிக்குடுமியின் தோளிலிருந்து வாரைக் கழற்றி, கிட்டாரை இரண்டு கையாலும் இடியம்மாவிடம் நீட்டினார்.

இடியம்மா குடையை என்னிடம் தந்துவிட்டு, நாற்காலியை மேடை நடுவில் போட்டு உட்கார்ந்தார். கிட்டாரை ஒரே சுழற்று. கழுத்து வலப் பக்கம் போனது, குட்டைக் கொம்பு மேலே வந்தது. அதிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சர்ரென்று கிழித்தார். அடியில் வாரை மாட்டும் ஆணி போட்ட ஓட்டை கறுப்பாக விழித்தது.

“என் ஆணி எங்கடா?” என்றார்.

இடது பெருவிரல் தாங்கியின் தேய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. பூனை தன் மூலையில் சுருள்வது மாதிரி. அவ்வளவுதான்.

வெள்ளிக்குடுமிதான் தாங்காமல் வெடித்தார். “ஏய், இன்னமும் அதே மாதிரிதானா! நேராப் பிடி, நேராப் பிடின்னு எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! கேட்டிருக்கியா நீ?”

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. ஆயுளில் பார்த்தே இராத அம்மாள்!

“கேக்கலை” என்றார் இடியம்மா அமைதியாக. “இப்பவும் கேக்க மாட்டேன்.” வாசித்தார்.

அதே தொடக்கம்தான். ஆனால் சற்று முன்பு நாங்கள் கேட்டது அதன் நிழல். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, பித்தளைப் பலகை கிணுகிணுத்தது, என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் ஆடியது. ஐந்து தெரு என்று நான் சொன்னது தப்பு. ஏழு. முடிந்தபோது வெள்ளிக்குடுமி மேடையில் இல்லை. வாசனைகூட மிச்சமில்லை.

“ஏம்மா, இடது கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் அலைஞ்ச அலைச்சல்!” என்றேன்.

“எவன் கேட்டான்? நீ வலது கைக்காரன்னு ஊர்ஊராச் சொல்லிக்கிட்டா திரியறே?”

“அந்த உறையைப் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே?” என்றாள் மருமகள்.

“என் பேரு இல்லாத உறையை நான் எதுக்குப் பாக்கணும்?”

காப்பாட்சியர் பணிவாக வந்து நின்றார். “பலகையை மாத்திடுவோம்மா. உங்க பேரைப் பெரிசா போடுவோம். கிட்டார் பெட்டியிலேயே இருக்கட்டும்.”

“பெட்டிக்குள்ளயா? நான் இன்னும் உயிரோட இருக்கேன். இதுவும்தான்.” என் கையிலிருந்த குடையைப் பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். “இதை வச்சுக்குங்க. உங்க வாசலை ஒரு நாள் முழுக்க மறிச்ச குடை. அடியில என் பேரைப் பெரிசாவே போடுங்க.”

வெளியே வந்தால், குடையைக் கொடுத்த கணமே பார்த்து மழை. மருமகள் தன் கைப்பையைக் கிட்டாருக்கு மேலே பிடித்தாள்.

“அம்மாடி, எனக்கு?”

“நீங்க என்ன மரமா மாமா, ஊறிப் போக?”

படியில் பூங்கொத்தோடு தாமதமாக வந்த விருந்தினர் கும்பல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. “தலைவருக்குப் பாராட்டு விழா ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார்கள். நான் இடியம்மா என்னைத் தூக்கிவரச் சொன்ன நாற்காலியைத் தலைக்கு மேலே குடையாகக் கவிழ்த்துக்கொண்டேன். நிமிர்ந்து நின்றேன்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு! வெள்ளிக்குடுமி விரைவு வண்டி இன்றும் இனி என்றும் ரத்து செய்யப்பட்டுள்ளது. இதனால் உங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு நாங்கள் கொஞ்சம்கூட வருந்தவில்லை!”